நடக்க வைக்காதீர்கள், படுக்க வையுங்கள்

முதுகு டிஸ்க் விலகிய நாய்களை வீட்டில் பார்த்துக்கொள்வது பற்றி, கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். பதில்கள் எங்கள் கால்நடை மருத்துவர் குழுவுடையவை.

கேள்வி: எங்கள் டாஷ்ஹண்டுக்கு ஐந்து வயது. சோபாவிலிருந்து குதித்த மறுநாள் முதுகைக் கூனிக்கொண்டு நின்றது, தூக்கினால் கத்தியது. டாக்டர் மாத்திரை கொடுத்து ஆறு வாரம் கூண்டில் வைக்கச் சொன்னார். மூன்றாம் நாளே வாலை ஆட்டிக்கொண்டு ஓடுகிறது. இன்னும் அடைத்து வைக்க வேண்டுமா? பார்க்கவே பாவமாக இருக்கிறது. (களியக்காவிளை வாசகி)

கட்டாயம் வேண்டும். வலி மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு மேல் அந்த ஓட்டத்துக்கு அர்த்தம் கிடையாது.

முதுகெலும்புத் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கில் வெளியே நார் வளையம், உள்ளே கூழ். டாஷ்ஹண்ட், பீகிள், ஷிட்சூ, லாசா ஆப்சோ, காக்கர் ஸ்பானியல், பிரெஞ்சு புல்டாக் போன்ற இனங்களில் அந்தக் கூழ் சின்ன வயதிலேயே நீர் வற்றி, சுண்ணாம்பு படிந்து, கெட்டிப்பட்டுவிடும். வளையம் மேல்பக்கம்தான் மெல்லிசு. அங்கே கிழிந்தால் கூழ் நேராகத் தண்டுவடத்தில் போய் இடிக்கும். பெரும்பாலும் இது கடைசி விலா எலும்பை ஒட்டிய பகுதியில், மார்பு முதுகும் இடுப்பு முதுகும் சேரும் இடத்தில் நடக்கிறது. சோபா மேல் பழி போட வேண்டாம்; அது கடைசித் தள்ளு மட்டும்.

கிழிந்த வளையம் தழும்பு கட்டி மூடக் குறைந்தது 4 வாரம் ஆகும். உங்கள் டாக்டர் 6 சொன்னது நியாயம். அதற்குள் ஒரு குதி குதித்தால் மிச்சக் கூழும் வெளியே வரும். வலி மட்டும் இருந்த நாய் ஒரே ராத்திரியில் பின்னங்கால் விழுந்துபோவது இப்படித்தான். வலி இருந்தவரை அது தானாக அடங்கிக் கிடந்தது. மாத்திரை அந்த வலியை எடுத்துவிட்டதால், அடக்கி வைக்கும் வேலை இப்போது உங்களுடையது.

ஒன்றுக்கு, ரெண்டுக்கு மட்டும் ஒரு நாளில் 4 முறை, ஒவ்வொரு முறையும் 5 நிமிடம் வெளியே விடுங்கள். கழுத்துப் பட்டை வேண்டாம், நெஞ்சைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் போடுங்கள்; கயிறு ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம். மற்ற நேரமெல்லாம் கூண்டு. "மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்க்கிறோம், அதுவும் ஓய்வுதானே" என்று கேட்பார்கள். இல்லை. வாசலில் ஆள் வந்தால் மடியிலிருந்து எகிறத்தான் செய்யும். ஒரு அறையில் விட்டுக் கதவைச் சாத்துவதும் ஓய்வு ஆகாது.

தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பிட்டத்துக்கு அடியில். முதுகு தரைக்குச் சமமாக இருக்க வேண்டும், உடம்பை உங்கள் மேல் சாய்த்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் தூக்குவதுபோல் அக்குளில் கை கொடுத்து, பின்பாதி தொங்கத் தூக்குவதுதான் மிக மோசம்.

மாத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை. மெலாக்சிகாம் போன்ற வலி மருந்தும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டும் ஒன்றாகச் சேரக் கூடாது. குடலில் புண் வந்து ஓட்டையே விழும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற 5 முதல் 7 நாள் இடைவெளி தேவை. ஒரு டாக்டரிடமிருந்து இன்னொருவரிடம் போனால் பழைய சீட்டையும் காலி அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். குழப்பம் பெரும்பாலும் அங்கேதான். மலம் தார் மாதிரி கறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, சோற்றைத் திரும்பிப் பார்க்காவிட்டாலோ அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வீட்டிலிருக்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் பக்கமே போகாதீர்கள். கபாபென்டின் எழுதியிருந்தால் மாத்திரையாகவோ கேப்சூலாகவோ வாங்குங்கள். மனிதர்களுக்கான திரவ மருந்து சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ப்பார்கள், நாய்க்கு அது விஷம்.

கூண்டுக்குள் ஓயாமல் குரைத்தால் வெளியே விடாதீர்கள். அமைதிப்படுத்தும் மருந்து உண்டு, டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். அது கெடுதல் என்று பயப்படுகிறவர்கள்தான் இரண்டாம் வாரம் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள்.

கேள்வி: கூண்டு எந்த அளவில் வேண்டும்? இங்கே சாரல் சீசனில் எதுவும் காய்வதில்லை. கோழிக்கூடு ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் வைக்கலாமா? (செங்கோட்டை வாசகர்)

கோழிக்கூட்டின் கம்பித் தரையில் விரல் மாட்டும். அடியில் ஒட்டுப்பலகை போட்டு, மேலே ரப்பர் பாயை ஒட்டினால் அதையே பயன்படுத்தலாம். நாய் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். 10 கிலோ டாஷ்ஹண்டுக்கு 3 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் போதும். மேலே மூடி அவசியம். மூடி இல்லாவிட்டால் ஆளைக் கண்டதும் முன்னங்காலைத் தூக்கிப் பக்கக் கம்பியில் போட்டு நிற்கும், முதுகு அப்போதுதான் அதிகம் வளையும்.

படுக்கை 3 முதல் 4 அங்குலக் கெட்டி ஃபோம், அதற்கு ரெக்சின் உறை, அதன்மேல் பருத்தித் துணி. சாரலில் காயாதது ஃபோம்தான், ஆகவே ஈரம் அதற்குள் இறங்கவே கூடாது. துணியை ஆறேழாக வைத்துக்கொண்டு மாற்றுங்கள். கயிற்றுப் பாய், சாக்கு இரண்டும் நனைந்த தோலை உரித்துவிடும். கொசுவலையைக் கூண்டு முழுக்கப் போர்த்துங்கள். கொசுவைவிட ஈக்காகத்தான் சொல்கிறோம், காரணம் கீழே வருகிறது. ஆள் நடமாட்டமுள்ள கூடத்தில் வைத்தால் குரைப்பது குறையும்.

கேள்வி: எங்கள் பீகிளுக்குப் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டது. சிறுநீர் தானாகச் சொட்டிக்கொண்டே இருக்கிறது. "போகிறதே, அது போதும்" என்று விட்டுவிட்டோம். இப்போது நாற்றமடிக்கிறது. என்ன செய்ய? (கொழிஞ்சாம்பாறை வாசகி)

சொட்டுகிறது என்றால் சிறுநீர்ப்பை நிரம்பி வழிகிறது என்று பொருள். காலி ஆகிறது என்று நினைத்துவிடாதீர்கள். பின்னங்கால் விழுந்த நாயைப் பல வீடுகளில் இழப்பது முதுகால் அல்ல, இந்தச் சிறுநீர்ப்பையால். நாற்றம், கலங்கல், ரத்தம் ஏதாவது தெரிந்தால் தொற்று வந்துவிட்டது. இன்றே சிறுநீரைச் சோதனைக்குக் கொடுங்கள். முடிந்தால் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்து, எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்று பார்த்துக் கொடுப்பது நல்லது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிப் போடும் ஊசி பின்னால் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியை வளர்த்துவிடும்.

பையை நீங்கள் கையால் காலி செய்ய வேண்டும். 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. ராத்திரியிலும் இடைவெளி 8 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. செய்முறையைப் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் முறை டாக்டர் உங்கள் கைமேல் கைவைத்துக் காட்டித் தரட்டும்.

நாயை வலப்பக்கம் படுக்க வைக்கலாம், அல்லது ஒருவர் வயிற்றுக்கு அடியில் துண்டு கொடுத்து நிறுத்திப் பிடிக்கலாம். பின்தொடைக்குச் சற்று முன்னால், வயிற்றின் இரு பக்கமும் உள்ளங்கையைத் தட்டையாக வையுங்கள். விரல் நுனியால் குத்தக் கூடாது. மெதுவாக உள்ளே அழுத்தினால் தண்ணீர் நிரப்பிய பலூன்போல ஒன்று நழுவும், அதுதான் பை. மலக்குடல் அதற்கு மேலே, முதுகுப் பக்கமாக, கட்டி கட்டியாகத் தட்டுப்படும், அதைப் பிடித்துவிடாதீர்கள். பை கிடைத்ததும் இரண்டு கையையும் ஒன்றை நோக்கி ஒன்று சீராக அழுத்தி, வாலை நோக்கிக் கொஞ்சம் தள்ளுங்கள். உடனே வராது. ஐந்து, பத்து விநாடி அதே அழுத்தத்தில் வைத்திருந்தால் பையின் வாய் திறக்கும். ஓட்டம் சொட்டாக மாறியதும் கையை எடுத்து, மறுபடி தேடிப் பிடித்து, இன்னொரு முறை. சின்ன எலுமிச்சை அளவுக்குத் தளர்ந்துவிட்டால் போதும்.

பை கல்லாக இறுகியிருந்தும் ஒரு சொட்டு வரவில்லையென்றால் பலம் போடாதீர்கள். தண்டுவடம் மேல்பகுதியில் நசுங்கிய நாய்க்கு மூத்திரப் பையின் வாய்த்தசை இறுகிக்கொள்ளும். அழுத்தினால் பை கிழிந்துவிடலாம். டாக்டர் குழாய் போட்டு எடுப்பார். தசையைத் தளர்த்தும் மருந்தும் உண்டு.

அளந்து பாருங்கள். நாய்க்கு மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 2 மில்லி சிறுநீர் ஊறும். 12 கிலோ பீகிளுக்கு 8 மணி நேரத்தில் ஏறத்தாழ 100 முதல் 190 மில்லி. பழைய டம்ளர் ஒன்றில் பிடித்து, நோட்டில் நேரமும் அளவும் எழுதுங்கள். 30 மில்லிதான் வந்தது என்றால் மிச்சம் உள்ளேதான் இருக்கிறது. நனைக்கிறதே என்று தண்ணீர் கொடுப்பதைக் குறைக்கும் வீடுகளும் உண்டு. தொற்றை வரவழைக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

மலம் பெரும்பாலும் தானாக விழுந்துவிடும், நாய்க்கே தெரியாமல். இரண்டு நாள் போகாவிட்டால் குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சால் ஆசனவாயைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். வேகவைத்த மஞ்சள் பூசணி இரண்டு தேக்கரண்டி சோற்றில் சேருங்கள்.

கேள்வி: இடுப்பெலும்பு மேல் புண் வந்து, அதில் புழு வைத்துவிட்டது. கர்ப்பூரம் போடலாமா? (குமுளி வாசகர்)

போடாதீர்கள். நாய் நக்கினால் கர்ப்பூரம் வலிப்பு வரவைக்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் இன்றே கொண்டுபோங்கள். மேலே தெரிவது பத்து புழு என்றால், தோலுக்கடியில் பொந்து போட்டு இறங்கியிருப்பது அதைவிட அதிகம். வலி மருந்து கொடுத்து, முடியை மழித்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவித்தான் ஆக வேண்டும்.

இனி வராமல் இருக்க: மூத்திரம் ஊறிய முடியில் ஈ முட்டை வைக்கும், ஒரே நாளில் பொரியும். ஆகவே வால் அடியையும் தொடை உட்புறத்தையும் ஒட்ட மழித்துவிடுங்கள். நனைந்ததும் வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, விசிறியில் காயவிடுங்கள். மேலே பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாகத் தடவலாம். துத்தநாகம் சேர்ந்த குழந்தை டயப்பர் கிரீம் வேண்டாம், நக்கினால் ரத்த அணுக்கள் சிதையும். டயப்பர் கட்டினால் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை அவிழ்த்துப் பாருங்கள். கட்டிவிட்டு மறப்பதைவிடக் கட்டாமல் இருப்பது மேல். நாயையும் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். இடுப்பு முனை, முழங்கை, கணுக்கால் மூன்றையும் தினமும் விரலால் தடவுங்கள். முடி உதிர்ந்து சிவந்திருந்தால் புண் இரண்டு நாளில் வரப்போகிறது.

கேள்வி: இங்கே வைத்திய ஆசான் ஒருவர் மனிதருக்கு உழிச்சல் (எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல்) செய்து நன்றாக நடக்க வைக்கிறார். நாய்க்கும் தைலம் போட்டுத் தடவலாமா? (மார்த்தாண்டம் வாசகர்)

ஆசான் கைத்திறமை பற்றி எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. பிரச்சினை கிழிந்த வளையம். முதல் 4 வாரம் முதுகுத்தண்டை அழுத்துவது, இழுப்பது, முறுக்குவது எதுவும் கூடாது. உள்ளே இருக்கும் கூழை அது வெளியே பிதுக்கும். வலி தைலம் பலவற்றில் விண்டர்கிரீன் எண்ணெயும் கர்ப்பூரமும் இருக்கும். நாய் அத்தனையும் நக்கித் தின்றுவிடும், இரண்டும் அதற்கு நஞ்சு. நாலு வாரம் கழித்து, எண்ணெய் இல்லாமல், தொடைத் தசையை மட்டும் மெதுவாகப் பிடித்துவிடுவதில் தவறில்லை.

கேள்வி: எஸ்டேட் லயத்தில் எங்களோடு இருக்கும் நாட்டு நாய்க்கு நேற்றிலிருந்து பின்னங்கால் இழுக்கிறது. டிஸ்க்காகத்தான் இருக்குமா? ஊசி ஒன்றும் போட்டதில்லை. (பீர்மேடு வாசகர்)

தடுப்பூசி போடாத நாய்க்குக் கால் இழுத்தால் டிஸ்க்கைக் கடைசியாக நினையுங்கள். வெறிநோயில் கடிக்க வராமல் அடங்கிக் கிடந்து வாதம் வரும் வகை ஒன்று உண்டு. தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், குரல் மாறும், விழுங்க முடியாது, வாதம் நாளுக்கு நாள் மேலே ஏறும். தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கும் என்று கையை விட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். விடாதீர்கள். எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி ஆரம்பியுங்கள். நாயை யாரும் தொடாமல் தனியாக அடைத்துக் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

கட்டுவிரியன், நல்லபாம்பு கடியில் நாலு காலும் தளரும், இமை தொங்கும், மூச்சு திணறும். அதற்கு நேரம் மணிக்கணக்கில்தான். டிஸ்க் நாய்க்கு முன்பாதி நன்றாக இருக்கும், புத்தி தெளிவாக இருக்கும், சாப்பிடும், முதுகைத் தொட்டால் வலிக்கும்.

கேள்வி: கால்சியம் டானிக் கொடுத்தால் எலும்பு பலப்படுமா? (கொல்லங்கோடு வாசகி)

டிஸ்க்கில் சுண்ணாம்பு ஏற்கெனவே வேண்டாத இடத்தில் படிந்திருக்கிறது. தேவையில்லை. அந்தக் காசில் நாய் எடையைக் குறையுங்கள். கூண்டிலிருக்கும் 10 கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 400 கலோரி போதும்: வெந்த சோறு 100 கிராம், வேகவைத்த எலும்பில்லாக் கோழி 120 கிராம், ஒரு முட்டை, கொஞ்சம் காய். பிஸ்கட், தேங்காய் அரைத்த மீன் குழம்பு இரண்டையும் நிறுத்துங்கள். குழம்பிலிருக்கும் வெங்காயமும் ஆகாது.

கேள்வி: ஆபரேஷன் செய்தே தீர வேண்டும் என்கிறார் ஒரு டாக்டர், ஓய்வே போதும் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது? (கம்பம் வாசகர்)

இரண்டு பேரும் எந்த நிலையில் பார்த்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள். வலி மட்டும், அல்லது தள்ளாடினாலும் தானாக நடக்கிறது என்றால் ஓய்வும் மருந்தும் பெரும்பாலானவற்றுக்குப் போதும். எழுந்து நிற்கவே முடியவில்லை என்றால் அறுவை சிகிச்சை பேச்சு நியாயம். ஆழ்ந்த வலி உணர்வு (பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினால் நாய்க்கு வலி தெரிவது) இருக்கும்போதே செய்தால் பத்தில் ஒன்பது நாய் திரும்ப நடக்கும். உணர்வு போனபின் செய்தால் பாதிக்குச் சற்று மேல்தான். போனபின் ஓய்வை மட்டும் நம்பினால் வெகு சிலவே எழும்.

அந்த உணர்வைப் பார்ப்பதில்தான் வீட்டில் ஏமாறுகிறார்கள். விரலைக் கிள்ளியதும் கால் பின்னால் இழுத்துக்கொண்டால் "உணர்ச்சி இருக்கிறது" என்று சந்தோஷப்படுகிறார்கள். அது தண்டுவடத்தின் அனிச்சை. மூளைக்குத் தகவல் போகாமலே நடக்கும். கிள்ளியதற்கு நாய் திரும்பிப் பார்த்தாலோ, கத்தினாலோ, கடிக்க வந்தாலோதான் கணக்கு. எதுவும் இல்லையென்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். சாதாரண எக்ஸ்ரேயில் தண்டுவடம் தெரியாது, எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. வேண்டும். உங்களுக்குத் தேனி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்; சென்னையில் வேப்பேரி, கேரளப் பக்கம் திருச்சூர் மண்ணுத்தி. ஸ்கேனும் தண்டுவட அறுவை சிகிச்சையும் அன்றைக்கு உண்டா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மலைப்பாதை வளைவில் நாய் உருளாமல் பலகையில் படுக்க வைத்து, தோளையும் இடுப்பையும் துணியால் கட்டுங்கள்.

உணர்வு போன நாய்களில் சிலவற்றுக்கு, சுமார் பத்தில் ஒன்றுக்கு, தண்டுவடமே அழுகி மேலே ஏறும். வயிறு தொளதொளக்கும், முன்னங்காலும் தளரும், மூச்சு வாங்கும். அதற்கு வைத்தியம் இல்லை. வலியில்லாமல் அனுப்பிவைப்பது பற்றி அந்த நேரத்தில் டாக்டர் பேசினால் காது கொடுத்துக் கேளுங்கள்.

கேள்வி: நாலு வாரம் முடிந்தது, தள்ளாடி நடக்கிறது. பக்கத்தில் ஓடை இருக்கிறது, நீந்த விடலாமா? (புளியரை வாசகர்)

ஓடை வேண்டாம். வழுக்கும் பாறை ஒன்று, எலி மூத்திரத்தால் வரும் லெப்டோ காய்ச்சல் ஒன்று. வீட்டிலேயே ஆரம்பியுங்கள். படுத்த நிலையில் பின்னங்காலின் ஒவ்வொரு மூட்டையும் மடக்கி நீட்டுங்கள், ஒரு மூட்டுக்கு 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. பிறகு பழைய வேட்டியை நான்காக மடித்து இடுப்புக்கு அடியில் கொடுத்து, ரப்பர் பாயில் நிறுத்திப் பிடியுங்கள். ஆண் நாயாக இருந்தால் துணி குறியை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வாரம் 5 நிமிட நடை மூன்று வேளை, வாரத்துக்கு 2, 3 நிமிடம் கூட்டுங்கள். வலி திரும்பினால் மறுபடி கூண்டு, முதலிலிருந்து. 12 வாரம் வரை படி, குதி, பந்து மூன்றும் கிடையாது.

பாலிஷ் போட்ட சிவப்புத் தரையில் கால் வழுக்கும். விரலிடுக்கு முடியை வெட்டி, நடக்கும் வழி முழுக்க ரப்பர் பாய் விரியுங்கள். திண்ணைக்கும் கட்டிலுக்கும் சாய்பலகை வைக்கும்போது நீளம் உயரத்தைப் போல மூன்று பங்கு இருக்கட்டும்: 45 செ.மீ. கட்டிலுக்கு 135 செ.மீ. அதற்குக் குறைந்தால் நாய் பாதியிலேயே குதித்துவிடும்.

கேள்வி: சக்கர வண்டி எப்போது மாட்டலாம்? (வேலந்தாவளம் வாசகி)

கூண்டு ஓய்வு முடிந்து, வலி இல்லாமல் ஆனபின். முதலில் 10 நிமிடம். பி.வி.சி. குழாயில் உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம். இடுப்பைத் தாங்கும் பட்டை தொடை இடுக்கில் அறுக்காமல் அகலமாக இருக்கட்டும், பாதம் தரையை லேசாகத் தொடும் உயரத்தில் நிறுத்துங்கள். பாதம் உரசிப் புண்ணானால் வண்டி ஓடும்போது மட்டும் காலுறை போடுங்கள். கழற்றியதும் தொடை இடுக்கைப் பாருங்கள், சிவந்திருந்தால் பட்டைக்குத் துணி சுற்றுங்கள். வண்டியோடு தனியாக விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள், கவிழ்ந்தால் அதனால் எழ முடியாது.